கோட்டை கல்லூரியான கதையில் விடுபட்ட இருபது ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தோம். எல்லைப்புறப் படைக்கோட்டை ஒன்று கல்விக்கூடமான வரலாற்றைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு நன்றி. ஆனால் கட்டுரை மூன்று இடங்களில் சறுக்கியிருக்கிறது. கோட்டை இருந்த இடத்திலேயே இன்றைய கல்லூரியும் நிற்பதாக எழுதியிருக்கிறார்கள். படை வெளியேறியது, கல்லூரி வந்தது என்று நடுவில் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டார்கள். அங்கே பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லாதிருப்பதை அரசின் பெருந்தன்மை என்று பாராட்டியிருக்கிறார்கள். மூன்றாவதுதான் பெரிய பிழை. ராணுவ நிலம் நகரின் நடுவே பரந்து கிடக்கும் பெங்களூரில் அந்தப் பிழை அப்படியே நின்றுவிடக் கூடாது என்பதால் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் இடம். 1878-ல் அமெரிக்கப் படை தென்மேற்குக் கொலராடோவில் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் ஒரு முகாம் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கன்சாஸில் வட ஷையென் பழங்குடியினருடன் நடந்த சண்டையில் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் லூயிஸ் காயம்பட்டு இறந்தார். முகாமுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பழங்குடியினரோடு போரிட்டு இறந்த ஓர் அதிகாரியின் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில்தான் இன்று பழங்குடி மாணவர்கள் பெருமளவில் படிக்கிறார்கள். கட்டுரையில் இந்தச் செய்தி இடம்பெறவே இல்லை.

பகோசாவில் முகாம் நிலைக்கவில்லை. 1873-ல் ப்ரூனோ ஒப்பந்தத்தின் மூலம் அப்பகுதியின் பழங்குடியினரான யூட் மக்களிடமிருந்து சான் வான் மலைச் சுரங்கப் பகுதி வாங்கப்பட்டதும், வெள்ளி தேடி வந்தவர்கள் மேற்கே குவிந்தார்கள். 1879 செப்டம்பரில் வடக்கே மீக்கர் என்ற அரசு முகவர் யூட் மக்களால் கொல்லப்பட்ட பிறகு குடியேறிகளிடையே அச்சம் பரவியது. 1880-ல் டுராங்கோ நகரம் ரயில் பாதைக்காகவே உருவானது. சுரங்கங்களும் ரயிலும் யூட் மக்களின் ஒதுக்கீட்டு நிலமும் மேற்கே இருக்க, படை கிழக்கே பகோசாவில் இருந்து பயனில்லை. அதனால் 1880-ல் லா பிளாட்டா ஆற்றங்கரையில், ஹெஸ்பெரஸ் அருகே புதிய கோட்டை எழுந்தது. இந்தக் கோட்டைக்குச் சுற்றுமதிலோ கொத்தளமோ கிடையாது. நடுவில் அணிவகுப்புத் திடல், அதைச் சுற்றிச் சிப்பாய்க் கொட்டடிகள், அதிகாரிகள் வீடுகள், மருத்துவமனை, சமையற்கூடம், லாயம் என்று அமைந்த தளம்தான் அது. செஞ்சியையும் வேலூரையும் மனத்தில் வைத்துப் படிக்கும் நம் வாசகருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கட்டுரையோடு வந்த ஓவியத்தில் அகழியும் கொத்தளமும் வரைந்திருப்பது தவறு.

இன்றைய கல்லூரி இந்த இடத்திலும் இல்லை. ஹெஸ்பெரஸிலிருந்து 18 மைல் கிழக்கே, டுராங்கோ நகருக்கு மேலே உள்ள ஒரு மேட்டுச் சமவெளியில் இருக்கிறது. 1956-ல்தான் கல்லூரி அங்கே போனது. ஆக பகோசா, ஹெஸ்பெரஸ், டுராங்கோ என்று ஒரே பெயர் மூன்று ஊர்களுக்குப் பயணப்பட்டிருக்கிறது. இந்த இடமாற்றத்தை நினைவில் வையுங்கள், பிறகு நடந்த வழக்குக்கு இது முக்கியம்.

இனி விடுபட்ட இருபது ஆண்டுகள். படை 1891-ல் கோட்டையைக் கைவிட்டது. அப்படிக் கைவிட்ட தளங்களைப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சிப் பள்ளிகளாக்க 1882 ஜூலை 31-ஆம் தேதிச் சட்டம் ஏற்கெனவே வழிசெய்து வைத்திருந்தது. இதற்கு முன்மாதிரியும் ஒரு படைத்தளம்தான். பென்சில்வேனியாவில் கார்லைல் பாரக்ஸ் என்ற இடத்தில் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-ல் தொடங்கிய உறைவிடப் பள்ளியைப் பார்த்துத்தான் நாடெங்கும் இத்தகைய பள்ளிகள் வந்தன. 1892-ல் ஃபோர்ட் லூயிஸும் அந்த வரிசையில் சேர்ந்தது. யூட், நவஹோ, அப்பாச்சி உள்ளிட்ட மக்களின் பிள்ளைகள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள்.

படைத்தளத்தைப் பள்ளியாக்குவதில் அரசுக்கு என்ன வசதி? புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. சிப்பாய்க் கொட்டடி மாணவர் விடுதியானது. படையின் சாப்பாட்டுக் கூடத்திலேயே பிள்ளைகளுக்குப் பந்தி. அணிவகுப்புத் திடலில் அவர்களையே அணிவகுக்க வைத்தார்கள். அரை நாள் வகுப்பு, மீதி அரை நாள் வயல், தொழுவம், சலவை, தையல் என்று வேலை. பள்ளியின் செலவில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் உழைப்பே ஈடுகட்டியது.

கேடு விளைந்ததும் அதே அமைப்பால்தான். வளர்ந்த சிப்பாய்களுக்காகக் கட்டிய நீண்ட கூடங்களில் குழந்தைகளை நெருக்கிப் படுக்க வைத்தபோது காசநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது. ஒரே துண்டில் பலர் முகம் துடைத்ததால் டிரகோமா என்ற கண்நோய் இந்த வகைப் பள்ளிகளில் எல்லாம் பரவியது. கவனிக்காமல் விட்டால் பார்வையையே பறிக்கும் நோய் அது. கோட்டைகள் ஊரை விட்டுத் தள்ளியே அமைக்கப்பட்டவை. பெற்றோர் நினைத்த நேரத்தில் வந்து பிள்ளையைப் பார்க்க முடியாது. பனிக்காலத்தில் அந்த மலைப்பகுதியில் வழியே அடைந்துவிடும். தாய்மொழி பேசத் தடை, கூந்தலை வெட்டுவது, பெயரை மாற்றுவது ஆகியவை இந்தப் பள்ளிகளின் அன்றாட விதிகள். பிள்ளைகளை அனுப்ப மறுத்த யூட் பெற்றோரை அறியாமைக்காரர்கள் என்று அன்றைய அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். அவர்கள் மறுத்ததற்கு நல்ல காரணம் இருந்தது.

கல்லூரியும் இதை நெடுங்காலம் பூசி மெழுகியே சொல்லிவந்தது. டுராங்கோ வளாகத்தின் மணிக்கூண்டில் வரலாற்றுப் பலகைகள் சில இருந்தன. உறைவிடப் பள்ளிப் படம் ஒன்றின் கீழே, பிள்ளைகள் நல்ல உடுப்போடு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு வரி. கல்லூரியிலேயே பணியாற்றிய பழங்குடிப் பேராசிரியர் ஒருவர் அதைக் கண்டு கேள்வி எழுப்பினார். விவாதம் நடந்து, 2021 செப்டம்பரில் சடங்குகளோடு, பழங்குடித் தலைவர்களின் முன்னிலையில் அந்தப் பலகைகள் இறக்கப்பட்டன. பின்னர் கொலராடோ மாநில வரலாற்று நிறுவனம் அரசின் பணிப்பின்பேரில் பழைய பள்ளிகளையும் அவற்றின் இடுகாடுகளையும் ஆராய்ந்து 2023-ல் அறிக்கை வெளியிட்டது. ஃபோர்ட் லூயிஸ் பள்ளியில் பிள்ளைகள் இறந்ததை அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இவ்வளவும் பொதுவெளியில் இருக்கும்போது, தமிழில் வரும் கட்டுரை 1891-லிருந்து 1911-க்குத் தாவுவது முறையா?

இப்போது மூன்றாவது பிழைக்கு வருவோம். 1911-ல் கூட்டாட்சி அரசு 6,279 ஏக்கர் நிலத்தையும் அதிலிருந்த கட்டடங்களையும் கொலராடோ மாநிலத்துக்குக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை, இரண்டு நிபந்தனைகள் போட்டது. நிலம் கல்விக்கூடத்துக்கே பயன்பட வேண்டும். அந்தக் கல்விக்கூடத்தில் பழங்குடி மாணவர்களைக் கல்விக் கட்டணம் வாங்காமல், வெள்ளை மாணவர்களுக்குச் சமமாக, என்றென்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொலராடோ நிலத்தை வாங்கிக்கொண்டது, நிபந்தனைக்கும் ஒப்புக்கொண்டது. இதைப் பெருந்தன்மை என்று எப்படிச் சொல்வது? யூட் மக்களின் நாடாக இருந்த மண்ணில் 6,279 ஏக்கரைப் பெற்றுக்கொண்டதற்கான விலை அது.

அந்த நிறுவனம் முதலில் வேளாண்மையும் கைத்தொழிலும் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளியாக இருந்தது. 1930-களில் ஈராண்டுக் கல்லூரியாகி, 1948-ல் வேளாண்மை, இயந்திரவியல் கல்லூரி என்ற பெயர் பெற்றது. 1962-ல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. பள்ளி கல்லூரியாயிற்று, பாடத்திட்டம் மாறியது, பெயர் மாறியது, 1956-ல் ஊரே மாறியது. நிபந்தனை மட்டும் மாறவில்லை.

அதை மாற்றவும் முயன்றார்கள். 1971-ல் கொலராடோ சட்டமன்றம், கட்டணச் சலுகை கொலராடோவில் வசிக்கும் பழங்குடி மாணவர்களுக்கு மட்டுமே என்று சுருக்கியது. அரிசோனாவிலிருந்தும் நியூ மெக்சிகோவிலிருந்தும் வரும் நவஹோ மாணவர்கள் இதனால் வெளியே தள்ளப்படுவார்கள். வழக்கு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1973-ல் மாணவர்கள் பக்கம் தீர்ப்பானது. நிலத்தை ஏற்றுக்கொண்டபோதே அது ஒப்பந்தமாகிவிட்டது, ஒரு தரப்பு தன் விருப்பத்துக்கு அதைத் திருத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். எந்த மாநிலத்து மாணவர் என்று 1911-ஆம் ஆண்டு வாசகத்தில் வரம்பு ஏதும் இல்லை. இல்லாத வரம்பை அறுபது ஆண்டு கழித்துச் சேர்க்க இடமில்லை. கோட்டை நிலம் ஹெஸ்பெரஸில் கிடக்க, கல்லூரி டுராங்கோவுக்குப் போன பிறகும் அந்தக் கடமை கல்லூரியைத் தொடர்ந்தது.

வெளிமாநில மாணவர்களுக்கான உயர்ந்த கட்டணத்தை மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து கல்லூரிக்கு ஈடு செய்கிறது. செலவு ஏற ஏற அரசியல்வாதிகளின் கண் அதில் விழுகிறது. 2010-ல் அந்தத் தொகையைக் குறைக்க ஒரு மசோதா வந்து, எதிர்ப்பில் கைவிடப்பட்டது. இன்று அந்தக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் பழங்குடியினர். ஆளுங்கட்சியின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் இது 1971-லேயே சுருங்கியிருக்கும்.

கட்டுரையைப் படித்துவிட்டு நம் பிள்ளைகளும் அங்கே கட்டணமில்லாமல் படிக்கலாம் என்று சில பெற்றோர் நினைக்கக்கூடும். அந்தச் சலுகை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பழங்குடிகளின் உறுப்பினர்களுக்கும், தகுதியான சான்று காட்டும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே உரியது. பெங்களூரிலிருந்து போகும் மாணவர் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். சலுகை பெறுபவருக்கும் கல்விக் கட்டணத்திலிருந்து மட்டுமே விலக்கு. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், பிற கட்டணங்கள் எல்லாம் அவரவர் பொறுப்பு.

இதே போன்ற மாற்றம் நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1537-ல் கெம்பே கவுடா எழுப்பிய மண்கோட்டைக்குத் தெற்கே இருந்த கோட்டையை 1761-ல் ஹைதர் அலி கருங்கல்லில் கட்டினார். 1791 மார்ச் 21 இரவு ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை அதை உடைத்து நுழைந்தது. உள்ளே இருந்த திப்புவின் அரண்மனையில் 1831 முதல் 1868 வரை அரசுச் செயலகம் நடந்தது. பிறகு மதில்கள் சாலைகளுக்காக இடிக்கப்பட்டன. படைக்கொட்டடிகளும் ஆயுதக் கிடங்கும் இருந்த இடங்கள் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் போயின. 1900 டிசம்பரில் கர்சன் பிரபு திறந்துவைத்த விக்டோரியா மருத்துவமனையும், 1955-ல் தொடங்கிய பெங்களூர் மருத்துவக் கல்லூரியும் அந்தக் கோட்டை மண்ணில்தான் நிற்கின்றன. 2012-ல் மெட்ரோ பள்ளம் தோண்டும்போது மார்க்கெட் அருகே ஒவ்வொன்றும் ஒரு டன் எடையுள்ள இரண்டு இரும்புப் பீரங்கிகள் கிடைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்று மிஞ்சியிருப்பது டெல்லி வாசலும் அதை ஒட்டிய சிறு பகுதியும். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கருங்கல் வளைவும், கதவில் யானைகளைத் தடுக்கப் பதித்த இரும்பு முட்களும் இன்னும் இருக்கின்றன. எந்த உடைப்பின் வழியே 1791-ல் படை நுழைந்தது என்று சொல்லும் பழைய கல்வெட்டும் அந்த வட்டாரத்தில் உண்டு. எந்த நிபந்தனையின் பேரில் கோட்டை நிலம் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் கை மாறியது என்பதை அந்தக் கல்வெட்டு சொல்லாது. துண்டு துண்டாக, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு உத்தரவுகளால் கை மாறிய நிலத்துக்கு ஹெஸ்பெரஸ் போல ஒரே பத்திரம் இருக்கவும் வாய்ப்பில்லை.

கோட்டை பழங்கதையாகிவிட்டது. படைக் குடியிருப்புப் பகுதியான கண்டோன்மென்ட்டின் நிலம் அப்படியல்ல. 1809-ல் ஆங்கிலேயப் படை வந்திறங்கியதும், அதோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் வேரூன்றியதும், 1881-ல் மைசூர் மன்னரிடம் ஆட்சி திரும்பியபோது கண்டோன்மென்ட் மட்டும் ஆங்கிலேயரிடமே நின்றதும், 1947-ல் அது மைசூரிடம் சேர்ந்ததும் இங்குள்ளோர் அறிந்ததே. நிர்வாகம் கை மாறினாலும், படை பயன்படுத்திய நிலம் பாதுகாப்பு அமைச்சகத்திடமே இருக்கிறது. சாலை அகலப்படுத்தவும், மேம்பாலம் கட்டவும், பள்ளி நடத்தவும் அதில் சிறு சிறு துண்டுகளைக் கேட்பது தொடர்ந்து நடக்கிறது. கல்விக்காக ஒரு துண்டு கை மாறினால், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

பார்ப்பதில் சிக்கல்கள் உண்டு. பலர் சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் ஈ.சி. என்ற வில்லங்கச் சான்று எடுத்து, வில்லங்கம் ஏதும் இல்லை என்று வந்தவுடன் நிம்மதியாகிவிடுகிறார்கள். அரசு தானே வழங்கும் நில மானிய ஆவணங்களுக்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு பதிவிலிருந்து விலக்கு தருகிறது. பதிவாகாத ஆவணத்தில் உள்ள நிபந்தனை ஈ.சி.யில் வராது. வருவாய்த் துறையின் நில ஆவணமான பஹணியிலும் உரிமையாளர் பெயரும் பரப்பும் இருக்குமே தவிர நிபந்தனை முழுதாக இருக்கும் என்று நம்ப முடியாது. ராணுவ நிலத்துக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. கண்டோன்மென்ட் வாரியம் உள்ள ஊர்களில் அது பொது நிலப் பதிவேடு. வாரியம் இல்லாத இடங்களில் ராணுவ நிலப் பதிவேடு. பெங்களூரில் இப்போது வாரியம் கிடையாது. கர்நாடகத்தில் பெலகாவியில்தான் இருக்கிறது. இங்கே பதிவேடு, ராணுவ நிலங்களைக் கவனிக்கும் பாதுகாப்பு எஸ்டேட்ஸ் அதிகாரியின் அலுவலகத்தில் பராமரிக்கப்படுகிறது. நிலத்தின் வகைக் குறியீட்டையும் பாருங்கள். ஏ-1 என்றால் படை நேரடியாகப் பயன்படுத்துவது. ஏ-2 என்றால் இப்போது பயன்படுத்தாவிட்டாலும் தேவைக்காகக் காலியாக வைத்திருப்பது. பி, சி வகைகள் வேறு.

அடுத்த சிக்கல் இன்னும் பொல்லாதது. வேலை தொடங்க ஓர் அனுமதிக் கடிதம் முதலில் வரும். நிலம் முறைப்படி கை மாறும் உத்தரவு பல ஆண்டுகள் கழித்து வரலாம். கட்டடம் அனுமதிக் கடிதத்தை நம்பி எழும்பிவிடும். கல்விக்கு என்ற சொல் கடிதத்தில் இருக்கும், இறுதி உத்தரவில் பொதுப் பயன்பாட்டுக்கு என்று தளர்ந்திருக்கும். பொதுப் பயன்பாடு என்றால் பள்ளியும் அடங்கும், வாகன நிறுத்தமும் அடங்கும். ஃபோர்ட் லூயிஸ் பத்திரத்தின் பலமே அதில் எது நடக்க வேண்டும், யாருக்காக, எவ்வளவு காலம், யார் செலவில் என்பதெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி இருந்ததுதான். இவற்றோடு, நிறுவனம் வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும், நிபந்தனை மீறப்பட்டால் நிலம் யாரிடம் திரும்பும் என்பதையும் நம் உத்தரவுகளில் சேர்த்துவிட்டால் பிற்காலத்து வழக்கு பாதியாகக் குறையும்.

பெற்றோர் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ தம் பள்ளி நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆர்.டி.ஐ. என்ற தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடலாம். பாதுகாப்பு எஸ்டேட்ஸ் அலுவலகத்துக்கு 10 ரூபாய் தபால் ஆர்டர், மனு 500 சொற்களுக்குள். அதே விவரத்தை மாநில வருவாய்த் துறையிடம் கேட்பதானால் கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொற்கள்தான். இந்த வரம்பு தெரியாமல் நான்கு பக்கம் எழுதுவதால்தான் பல மனுக்கள் திரும்பி வருகின்றன. நிலம் யாருடையது என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பதில் ஒற்றை வரியில் முடிந்துவிடும். ஒப்புதல் உத்தரவின் நகல், நிலத்தை ஒப்படைத்தபோது இரு தரப்பும் கையெழுத்திட்ட குறிப்பின் நகல், அதோடு இணைத்த வரைபடம், பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்குரிய பக்கம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பழைய சர்வே எண்ணையும் மறு அளவையில் வந்த புதிய எண்ணையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். பழைய எண்ணை மட்டும் கொடுத்தால் அப்படி ஒரு நிலமே இல்லை என்று பதில் வரக்கூடும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அந்த முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை.

தங்கள் நாளிதழ் கட்டுரையின் திருத்தத்தை வெளியிடும்போது, கல்லூரி இருப்பது டுராங்கோவில் என்பதையும், 1892 முதல் ஹெஸ்பெரஸ் கோட்டையில் நடந்த உறைவிடப் பள்ளியின் வரலாற்றையும், கட்டணச் சலுகை 1911-ஆம் ஆண்டு நில ஒப்படைப்பின் நிபந்தனை என்பதையும் கட்டுரை வந்த அதே ஞாயிறு மலரில், அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அல்சூர், சிவாஜிநகர் பகுதி வாசகர்கள் சிலர்,
பெங்களூரு